இறந்த உடலுக்கும் 'உயிர்' என்றே பெயர்: யூத வேதத்தின் சொல்லும் நம் நபியின் கேள்வியும்





"யூதர்களின் வேதத்தில் தங்கள் ஆட்கள் இறந்தால் ஒரு சொல், மற்றவர்கள் இறந்தால் செத்த மிருகத்துக்குச் சொல்லும் சொல் என்று இருக்கிறதாமே, உண்மைதானா?" அண்மைக் காலமாக நம்மிடம் பலர் கேட்கும் கேள்வி இது. பலஸ்தீனத்திலிருந்து வரும் படங்களைப் பார்த்து உள்ளம் கொதித்திருக்கும் நேரத்தில் இப்படி ஒரு தகவல் கைப்பேசிக்கு வந்தால், ஆராயாமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடத்தான் தோன்றும். ஆனால் செய்தி வந்தால் அதைத் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:6) நமக்குக் கட்டளையிடுகிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா (5:8) எச்சரிக்கிறது.

இன்று யூதர்களிடம் இருக்கும் நூலை, மூஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட தவ்ராத் அப்படியே மாறாமல் இருக்கிறது என்று நாம் ஏற்பதில்லை. அதற்காக, அந்த நூலில் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லும் உரிமையும் நமக்கு இல்லை. ஆகவே அந்த நூலின் மூல மொழியான எபிரேயத்தில் இறந்த உடலுக்கு என்ன சொற்கள் உள்ளன என்பதை முதலில் பார்ப்போம்.

மூன்று எபிரேயச் சொற்கள்

முதல் சொல் 'நெவேலா'. வாடுதல், உதிர்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் சொல் இது. லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தில், அறுக்கப்படாமல் தானாகச் செத்த பிராணியைக் குறிக்க இச்சொல்லே வருகிறது. வதந்தி பிறந்த இடம் இதுதான். "மிருகத்துக்குச் சொன்ன சொல்லை மனிதனுக்கும் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள்" என்கிறார்கள்.

சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் யாருக்குச் சொல்லியிருக்கிறார்கள்? சங்கீதம் 79இல், எதிரிகளால் கொல்லப்பட்ட இறைவனின் அடியார்களுடைய உடல்களுக்கு இதே சொல். ஏசாயா 26ஆம் அதிகாரத்தில், இறந்தவர்கள் மீண்டும் எழுவார்கள் என்று நம்பிக்கையூட்டும் இடத்திலும் இதே சொல். உபாகமம் 28ஆம் அதிகாரத்தில், கட்டளையை மீறினால் உங்கள் உடல்கள் பறவைகளுக்கு இரையாகும் என்று இஸ்ரவேலரையே எச்சரிக்கும்போதும் இதே சொல். நல்லவர், கெட்டவர், தம்மவர், பிறர் என்ற பாகுபாடு இந்தச் சொல்லில் இல்லை.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. உபாகமம் 21ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்கள், மரண தண்டனை பெற்றுத் தொங்கவிடப்பட்ட குற்றவாளியைப் பற்றிப் பேசுகின்றன. அவனுடைய நெவேலா இரவு முழுவதும் மரத்தில் தொங்கக் கூடாது, அன்றைக்கே அடக்கம் செய்துவிட வேண்டும் என்பது சட்டம். குற்றவாளியின் உடலுக்கே ஓர் இரவு அவகாசம்கூடக் கிடையாது. யூதர்கள் இன்றுவரை இயன்ற அளவு விரைவாக அடக்கம் செய்வதற்கு இந்த வசனமே முக்கிய ஆதாரம். ஜனாஸாவைத் தாமதப்படுத்தாதீர்கள் என்று நாம் கேட்டு வளர்ந்த பாடமும் இதுவே.

இரண்டாவது சொல் 'பெகெர்'. களைத்துச் சோர்ந்து விழுதல் என்ற பொருளுள்ள வேரோடு தொடர்புடையது. ஏசாயா 37ஆம் அதிகாரத்தில் எருசலேமை முற்றுகையிட்ட அசீரியப் படை ஒரே இரவில் மடிந்து கிடந்ததைச் சொல்லும்போது இச்சொல் வருகிறது. அதை வைத்து, எதிரிகளின் உடலுக்கு மட்டும் உரிய இழிசொல் இது என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் எண்ணாகமம் 14ஆம் அதிகாரத்தைத் திறந்தால், மூஸா (அலை) அவர்களின் சமூகத்தாரிடமே, உங்கள் உடல்கள் இந்த வனாந்தரத்தில் விழும் என்று சொல்லப்படும் இடத்திலும் பெகெர்தான் இருக்கிறது. ஆகவே அந்த வாதமும் நிற்கவில்லை.

மூன்றாவது சொல்தான் நாம் நின்று கவனிக்க வேண்டியது. அது 'நெஃபெஷ்'.

அரபி ஓதிய பிள்ளைகளுக்கு இது காதில் விழுந்ததுமே விளங்கிவிடும். நமது 'நஃப்ஸ்' என்ற சொல்லின் உடன்பிறப்பு இது. எபிரேயமும் அரபியும் ஒரே மொழிக் குடும்பம். நெஃபெஷ் என்றால் மூச்சு, உயிர், உயிருள்ள ஆள். ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில், மண்ணால் படைக்கப்பட்ட மனிதனுக்குள் மூச்சு ஊதப்பட்டதும் அவன் 'உயிருள்ள நெஃபெஷ்' ஆனான் என்று வருகிறது.

வியப்பு என்னவென்றால், அதே நூல் இறந்த உடலையும் நெஃபெஷ் என்றே அழைக்கிறது. இறந்த உடலைத் தொட்டவரின் தீட்டைப் பற்றிய சட்டங்கள் எண்ணாகமத்தில் 5, 6, 9, 19 ஆகிய அதிகாரங்களில் வருகின்றன. அங்கெல்லாம் 'இறந்த நெஃபெஷ்', 'மனித நெஃபெஷ்', சில இடங்களில் வெறுமனே 'நெஃபெஷ்' என்றுதான் இருக்கிறது. மூச்சு நின்ற பிறகும் மூச்சின் பெயராலேயே அந்த உடல் அழைக்கப்படுகிறது. நேற்றுவரை ஓர் ஆளாக இருந்தவர் இன்று ஒரு பொருளாகிவிடவில்லை என்பதை அந்த மொழி தன் வழக்கிலேயே வைத்திருக்கிறது.

தரங்கம்பாடியில் தமிழான சொற்கள்

இந்த வேறுபாடுகள் நம் மக்களுக்கு ஏன் தெரியவில்லை? நாம் படிப்பது மொழிபெயர்ப்பை. அந்த மொழிபெயர்ப்பின் தொடக்கமோ நமக்குப் பக்கத்து ஊர். காரைக்காலுக்குச் சற்று வடக்கே இருக்கும் தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், அங்கேயே அச்சகம் நிறுவி 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டை ரூத் ஆகமம் வரை தமிழாக்கிய நிலையில் 1719இல் அவர் இறந்தார். மீதியைப் பெஞ்சமின் சூல்ச் என்பவர் முடித்தார். நாம் மேலே பார்த்த லேவியராகமமும் எண்ணாகமமும் உபாகமமும் முதன்முதலில் தமிழானது நம் கடற்கரையில்தான்.

பின்னால் வந்த தமிழ் வேதாகமத்தில் நெவேலா, பெகெர், நெஃபெஷ் என்ற மூன்று சொற்களும் பல இடங்களில் 'பிரேதம்' என்ற ஒரே சொல்லாக வருகின்றன. இதை மொழிபெயர்ப்பாளரின் குறை என்று சொல்ல முடியாது. 'அங்கே உயிரைத் தொட்டவன்' என்று எழுதினால் தமிழில் பொருள் விளங்காது. ஆனால் ஒரு சொல்லை வைத்து ஒரு சமூகத்தின் மீது தீர்ப்பு எழுதும் முன்பு, நாம் பார்ப்பது மூலச் சொல்லா, அதன் நிழலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குர்ஆனின் ஒரு சொல்லை மொழிபெயர்ப்பிலிருந்து பிய்த்து எடுத்து நம்மைக் குற்றம் சாட்டுபவர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கையும் இதுதானே!

பிற்கால யூத சட்ட நூல்களில் பிற இனத்தாரின் கப்ரு தீட்டு உண்டாக்குமா என்ற விவாதம் உண்டு. அதே தல்மூதில், சமாதானத்தின் பொருட்டுப் பிற இனத்தாரின் இறந்தவர்களையும் அடக்கம் செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. இன்று யார் யாரை எப்படி நடத்துகிறார்கள் என்ற கணக்கு வேறு. அநீதியை அநீதி என்று சொல்ல நமக்குப் போதுமான உண்மைகள் இருக்கின்றன. பொய்யான சொல்லாராய்ச்சி அதற்குத் தேவையில்லை.

குர்ஆன் கற்றுத்தரும் சொற்கள்

அரபியில் தானாகச் செத்த பிராணி 'மைத்தா'. அதை உண்பது ஹராம் என்பது அனைவரும் அறிந்தது. இறந்த மனிதர் 'மய்யித்'. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. வேர் ஒன்று என்பதற்காக மனிதனை மிருகமாக்கிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். நெவேலாவுக்கும் அதே நியாயத்தைத்தான் நாம் கொடுக்க வேண்டும்.

பூமியில் நடந்த முதல் அடக்கத்தைக் குர்ஆன் அல்மாயிதாவில் (5:31) சொல்கிறது. ஆதம் (அலை) அவர்களின் மக்களில் ஒருவர் மற்றவரைக் கொன்றுவிட்டு, உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பி மண்ணைத் தோண்டிக் காட்டுகிறான். அங்கே சகோதரனின் உடலுக்கு அல்லாஹ் பயன்படுத்தும் சொல் 'சவ்அத்'. சொர்க்கத்தில் ஆதம், ஹவ்வா (அலை) இருவரும் இலைகளால் மறைத்துக்கொண்ட உறுப்புகளுக்கும் (7:22) இதே வேர்ச்சொல்தான். பிறர் கண்ணில் படாமல் மறைக்கப்பட வேண்டியது என்பது அதன் கருத்து. ஆகவே அடக்கம் செய்வது என்பது குப்பையை அப்புறப்படுத்துவது போன்ற வேலை அல்ல. ஒரு மனிதனின் மானத்தை மூடுவது. விபத்தில் இறந்தவரின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துப் பரப்புகிறவர்கள் இந்த ஒரு சொல்லைச் சிந்தித்தால் போதும்.

அடுத்த வசனத்தைப் பாருங்கள் (5:32). ஒரு நஃப்ஸை அநியாயமாகக் கொல்வது மனிதர் அனைவரையும் கொல்வதைப் போன்றது என்று இஸ்ரவேலரின் மீது விதித்ததாக அல்லாஹ் கூறுகிறான். யூதர்களின் மிஷ்னா என்ற தொகுப்பிலும், இதே இரு சகோதரர்களின் வரலாற்றை ஒட்டி, இதே கருத்து நெஃபெஷ் என்ற சொல்லோடு இடம்பெற்றிருக்கிறது.

இப்போது நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சி. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் இது. காதிஸிய்யா என்ற ஊரில் ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி), கைஸ் இப்னு ஸஅத் (ரலி) இருவரும் அமர்ந்திருந்தபோது ஒரு ஜனாஸா கடந்து சென்றது. இருவரும் எழுந்து நின்றார்கள். அது இந்த மண்ணின் முஸ்லிமல்லாத குடிகளில் ஒருவருடையது என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அதற்கு அவர்கள், நபி (ஸல்) அவர்களும் ஒருமுறை இப்படி எழுந்து நின்றதையும், அது யூதருடைய ஜனாஸா என்று தோழர்கள் சொன்னபோது, அதுவும் ஒரு நஃப்ஸ் இல்லையா என்று அவர்கள் திருப்பிக் கேட்டதையும் எடுத்துச் சொன்னார்கள்.

பாடையில் செல்வது உயிர் போன உடல். அதற்கு நபியவர்கள் சொன்ன சொல் நஃப்ஸ். இறந்தவரோ, தம் வேதத்தில் இறந்த உடலை நெஃபெஷ் என்று படித்து வளர்ந்த சமூகத்தைச் சேர்ந்தவர். இந்தப் பொருத்தம் நம் உள்ளத்தைத் தொட வேண்டும்.

நம் வீட்டுக்கு வரும் பாடம்

நமது கடலோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், மனிதனின் உடல் இறந்த பின்பும் அசுத்தம் அல்ல, அது தூய்மையானதே. ஆதமின் மக்களைக் கண்ணியப்படுத்தினோம் என்ற இறைவசனம் (17:70) அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. மய்யித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்பது அபூதாவூதில் உள்ள நபிமொழி. குளிப்பாட்டும்போது மென்மையாகத் தண்ணீர் ஊற்றுவதும், துணியால் மறைத்தே கழுவுவதும், கண்ட குறையை வெளியே சொல்லாதிருப்பதும் இந்த அடிப்படையில் வந்தவை.

இந்தக் கண்ணியம் மறுக்கப்பட்டால் எப்படி வலிக்கும் என்பதை இலங்கையில் நம் சொந்தங்கள் அனுபவித்தார்கள். கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அங்கே அரசு உத்தரவு போட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இருந்தும் கேட்கப்படவில்லை. பிறந்து 20 நாளே ஆன முஸ்லிம் குழந்தையும் அந்த டிசம்பரில் எரிக்கப்பட்டது. கபன் துணியின் நினைவாக மக்கள் வெள்ளைத் துணியை மயான வேலியில் கட்டி எதிர்ப்பைக் காட்டினார்கள். 2021 பிப்ரவரி இறுதியில் உத்தரவு மாற்றப்பட்டு, மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024இல் இலங்கை அரசு மன்னிப்பும் கேட்டது. அந்தப் பெற்றோருக்கு 'உடல்' என்பது வெறும் உடலாக இருக்கவில்லை. அது அவர்களுடைய பிள்ளை.

நமக்கு வலித்தது பிறருக்கும் வலிக்கும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி காரைக்கால், நாகப்பட்டினம் கரையில் அள்ளிப்போட்ட உடல்களைத் தூக்கியவர்கள், இது எந்தச் சமுதாயம் என்று கேட்டுவிட்டுத் தூக்கவில்லை. கொரோனா காலத்தில் சொந்தக்காரர்களே நெருங்க அஞ்சிய உடல்களை, அவரவர் மத வழக்கப்படி அடக்கமும் தகனமும் செய்து கொடுத்தவர்களில் தமிழகமெங்கும் முஸ்லிம் இளைஞர்கள் பலர் இருந்தார்கள். அதுவும் ஒரு நஃப்ஸ் இல்லையா என்ற கேள்விக்கு அவர்கள் கையால் பதில் சொன்னார்கள்.

நம் பேச்சிலும் ஒரு திருத்தம் வேண்டும். வளைகுடாவில் ஒருவர் மவுத்தாகி, விமானத்தில் வருவதற்காக வீட்டில் காத்திருக்கும் நேரத்தில், "பாடி எப்ப வருது?" என்று அவருடைய மனைவி மக்கள் காதுபட நாம் கேட்கிறோம். தப்பான எண்ணத்தில் யாரும் கேட்பதில்லை, வாய்ப்பழக்கம்தான். "மாமா எப்ப வர்றாங்க?", "காக்காவை எப்ப கொண்டு வர்றாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டாருக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பது அவர்கள் முகத்தில் தெரியும்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மனைவி சாரா அம்மையாரை அடக்கம் செய்ய ஹெப்ரோனில் நிலம் கேட்ட செய்தி ஆதியாகமம் 23இல் வருகிறது. அங்கே நெவேலாவும் இல்லை, பெகெரும் இல்லை. 'என் மய்யித்' என்பதற்கு நேரான ஒரு சொல்லையே அவர்கள் சொன்னதாக இருக்கிறது. அந்த 'என்' என்ற சொல்லில் உறவு அப்படியே இருக்கிறது.

ஆகவே அந்தத் தகவல் இனி உங்கள் கைப்பேசிக்கு வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அனுப்பியவருக்கு, யூதரின் ஜனாஸாவுக்கு எழுந்து நின்ற நம் நபியின் ஹதீஸை அழகிய முறையில் அனுப்பி வையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம்மில் இறந்தோரின் பாவங்களை மன்னித்து, அவர்களின் கப்ருகளை விசாலமாக்கி, உயிரோடு இருப்போருக்கும் இறந்தோருக்கும் உரிய கண்ணியத்தைக் கொடுக்கும் மக்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.