மேகத்திற்கு மேலே மின்னல்

ஐப்பசி மாலையில் கோவில்பட்டிக் கரிசல் வெளியின் மேல் வானம் கறுத்து வரும்போது, நம் உள்ளத்தில் இரண்டு உணர்ச்சிகள் ஒருங்கே எழுகின்றன. மானாவாரிப் பயிர் பிழைக்கும் என்ற மகிழ்ச்சி ஒன்று. காட்டுக்குப் போனவர் இன்னும் வீடு திரும்பவில்லையே என்ற அச்சம் மற்றொன்று. இடி முழங்கியதும் அயலார் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பர். நம் இல்லங்களிலோ மந்திரித்த மெழுகுதிரியை ஏற்றிப் புனித பார்பராவின் மன்றாட்டை வேண்டுவர்.

மின்னல் தாக்கி ஒருவர் இறந்த வீட்டிற்கு ஆறுதல் கூறச் செல்லும் குருவானவர் தவறாமல் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு: "சாமி, எந்தப் பாவத்துக்கு எங்களுக்கு இந்தத் தண்டனை?"

விடை கூறுமுன், மின்னலை மேலிருந்து கண்ட ஒருவரைப் பற்றிக் கேளுங்கள்.

2015 செப்டம்பரில் டென்மார்க் நாட்டு விண்வெளி வீரர் ஆந்திரேயாஸ் மொகன்சன், பூமிக்கு மேல் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்தார். நமக்கு மழை தரும் அதே வங்கக் கடலின் மீது மூண்டிருந்த இடிமேகங்களை அவர் படம் பிடித்தார். 160 விநாடிகள் ஓடும் அப்படத்தில் 245 நீல ஒளிச் சிதறல்களை அறிஞர் எண்ணினர். மேக உச்சியோ சுமார் 18 கிலோமீட்டர் உயரம். நாம் ஏறிச் செல்லும் விமானமும் அவ்வளவு உயரம் பறப்பதில்லை. அங்கிருந்து ஒரு நீலக் கீற்று 40 கிலோமீட்டர் உயரம்வரை எழும்பியது! மேகத்திற்கு மேல் இத்தகைய ஒளிகள் தோன்றுவதாக விமானிகள் முன்னரே கூறியதுண்டு. ஆயினும், 1989-இல்தான் அமெரிக்காவில் அவற்றுள் ஒருவகை தற்செயலாகப் படத்தில் பதிந்தது.

மேகத்தினுள் பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதி உராய்வதால் மின்னூட்டம் பிரிந்து குவிகிறது. அதன் ஆற்றல் கொஞ்சநஞ்சமன்று. 2014 டிசம்பர் 1 அன்று உதகமண்டலத்தின் மீது திரண்ட ஓர் இடிமேகத்தில் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாக அங்குள்ள ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. இம்மின்னூட்டத்தின் பெரும்பகுதி மேகத்திற்குள்ளேயே பாய்ந்து அடங்குகிறது. சிறிது மேல்நோக்கி எழுகிறது. ஒரு பகுதியே மண்ணை நாடி இறங்குகிறது. அவ்வாறு இறங்கும்போது உயர்ந்து நிற்பதையே அது பெரும்பாலும் தேடுகிறது. பனையா, மனிதனா என்று பார்ப்பதில்லை. பாவியா, புண்ணியவானா என்றும் பார்ப்பதில்லை.

சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரும் மற்றவரினும் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று நம் ஆண்டவரே தெளிவுபடுத்தினார். ஆகவே துயருற்ற குடும்பத்தாரின் மீது பாவப் பழியையும் சுமத்துவது கிறிஸ்தவ அன்பாகாது.

2022-இல் மட்டும் நம் நாட்டில் மின்னலால் மாண்டவர் 2,887 பேர் என அரசுக் கணக்கு கூறுகிறது. செபம் செய்வோம், இறைவன் தந்த அறிவையும் பயன்படுத்துவோம். இடியோசை கேட்டாலே ஆபத்து அருகில் என்று உணர்ந்து, காட்டு வேலையை நிறுத்திக் கட்டடத்திற்குள் செல்லுங்கள். பனை, புளி, வேம்பு எதனடியிலும் ஒதுங்காதீர்கள். ஓலைக் கொட்டகையும் காப்பாகாது. கம்பி வேலியை விட்டு விலகுங்கள். கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் கழிந்தபின் வெளியே வாருங்கள். மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. அவரைத் தயங்காமல் தொடலாம். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே நெஞ்சை விடாது அழுத்தி முதலுதவி செய்யுங்கள், 108-ஐ அழையுங்கள். பிழைத்தவர் பலர் உண்டு.

மெழுகுதிரியை ஏற்றுங்கள். ஆனால் அதற்கு முன், ஆடு மேய்க்கப் போன பிள்ளையை வீட்டிற்கு அழைத்துக்கொள்ளுங்கள்.