வற்றலும் ஊறுகாயும் போடும் நாள்: நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிந்துகொள்ள வேண்டியவை

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் மாசி முதல் வைகாசி வரை மொட்டை மாடிகளுக்கு ஓய்வு இல்லை. கொல்லையில் காய்த்த மாவடு உப்பில் இறங்கும். நார்த்தங்காய் சுருள் சுருளாக நறுக்கப்படும். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் மிளகாயும் மோரில் ஊறி வெயிலுக்கு வரும். காய்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பறிப்புக்கு வருவதால் வேலையும் ஒரே நாளில் குவிந்துவிடுகிறது. அதனை முன்னின்று நடத்துபவர் பெரும்பாலும் வீட்டின் மூத்தவர். அவருக்கே உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பது இன்று இயல்பாகிவிட்டது. நோய் இருக்கிறது என்பதற்காக இவ்வேலையை அவர் முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. எந்த நேரத்தில், எவ்வாறு செய்வது என்பதிலும், செய்ததை யார் எவ்வளவு உண்பது என்பதிலும் கவனம் தேவை.

வெயில் வற்றலுக்கு, மனிதருக்கு அன்று

திருச்சியில் கோடை வெப்பம் பல நாட்களில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. மே 4 அளவில் தொடங்கும் அக்னி நட்சத்திர நாட்களில் சிமெண்ட் தளத்தின் சூடு காற்றின் வெப்பத்தைவிட மிக அதிகமாக இருக்கும். ஆகவே பறித்தல், கழுவுதல், காம்பு கிள்ளுதல் ஆகியவற்றை முதல்நாள் மாலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மறுநாள் காலை 9 மணிக்குள் மாடியில் பரப்பிவிட்டு இறங்கிவிட வேண்டும். பகல் 11 மணி முதல் 4 மணி வரை முதியவர்களும் இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மாடிக்குச் செல்லலாகாது. நடுப்பகலில் வற்றலைப் புரட்டிவிடும் வழக்கம் உண்டு. அதனை வீட்டிலுள்ள இளையவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். புரட்டாமல் விட்டாலும் வற்றலுக்குப் பெரிய கேடு ஒன்றும் நேராது.

சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு வியர்வையால் உடலின் நீரும் உப்பும் மேலும் குறைந்து, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம். படியில் இறங்கும்போது இது நேர்ந்தால் இடுப்பெலும்பு முறியும் அளவுக்கு விழ நேரிடும். பெரிய தாம்பாளத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு இறங்குபவருக்குக் கால் வைக்கும் படி தெரிவதில்லை, கைப்பிடிச் சுவரைப் பற்றவும் வழியில்லை. சிறு தட்டுகளில் பிரித்து எடுத்துச் செல்வது பாதுகாப்பானது. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அவ்வப்போது நீர் அருந்த வேண்டும். எனினும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் மருத்துவர் வரையறுத்த அளவுக்கு மேல் நீர் அருந்தக் கூடாது. அவர்கள் வெயிலைத் தவிர்ப்பதே சரியான வழி.

பாதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியது

நீரிழிவு நீண்டகாலம் உள்ளவர்களுக்குப் பாதத்தின் நரம்புகள் பாதிக்கப்பட்டு, சூடும் வலியும் உணரும் திறன் குறைந்துவிடுகிறது. உணவுப் பொருள் பரப்பிய இடத்தில் செருப்புடன் நடக்கக் கூடாது என்ற எண்ணத்தால் நம் வீடுகளில் மாடிக்கு வெறுங்காலுடன்தான் ஏறுகிறோம். கொதிக்கும் தளத்தில் நின்றபடி பத்து நிமிடம் வற்றலைப் பரப்பும் ஒருவருக்குக் கால் சுடுவது தெரியாமலே போகலாம். மாலையில் பாதத்தில் கொப்புளத்தைக் கண்ட பிறகே வெந்துபோனது புரியும். ஸ்ரீரங்கம் கோயிலின் கருங்கல் பிராகாரத்தில் நண்பகலில் நடப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

தூய்மையைப் பற்றிய எண்ணம் மதிக்கத்தக்கதே. அதற்கு எளிய தீர்வு இருக்கிறது: மாடி வேலைக்கென்றே ஒரு ஜோடி செருப்பைக் கழுவித் தனியாக வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்த பின் பராமரிப்பவர் நோயாளியின் உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் ஆகியவற்றை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கொப்புளம் இருந்தால் உடைக்கக் கூடாது. புதிதாகச் சுட்ட இடத்தின்மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடவிட வேண்டும். பற்பசை, மஞ்சள், மாவு, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் ஏற்படும் தீப்புண் எவ்வளவு சிறிதாயினும், வலி இல்லாவிடினும், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உணவு நேரமும் இன்சுலினும்

‘இதை முடித்துவிட்டுச் சாப்பிடுகிறேன்’ என்பது இத்தகைய நாட்களில் எல்லா வீடுகளிலும் கேட்கும் சொல். காலையில் இன்சுலினோ சர்க்கரை நோய் மாத்திரையோ எடுத்துக்கொண்டவர் உணவைத் தள்ளிப்போட்டு, வழக்கத்தைவிட அதிகமாக உழைத்தால் இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, எரிச்சலான பேச்சு, தடுமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். வெயிலில் வேலை செய்பவருக்கு வியர்ப்பது இயல்புதானே என்று இவற்றை எளிதில் தவறாகக் கொள்ள நேரும். ஐயம் எழுந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதித்து, பின்னர் உணவு கொடுக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எண்ணெய்ச் சட்டி கொதிக்கும் சமையலறையில், அடுப்பின் அருகே இன்சுலின் புட்டியை வைப்பதைத் தவிர்க்கவும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில், நீர் நனைத்த மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு டப்பாவில் வைத்துப் பாதுகாக்கலாம்.

உப்பைக் குறைத்து ஊறுகாய் போடலாமா?

பராமரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. போடாதிருப்பதே நல்லது. ஊறுகாயில் உப்பு சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. காயிலுள்ள நீரை வெளியே இழுத்து, கிருமிகள் வளராமல் தடுப்பதும் அதுவே. பாதி உப்பில் போட்ட மாவடு இரத்த அழுத்த நோயாளிக்கு ஏற்றதாக ஆவதில்லை. விரைவில் கெட்டுப்போவதாக மட்டுமே ஆகிறது. குறைக்க வேண்டியது உண்ணும் அளவையே.

அந்த அளவு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. 1 கிலோ மாவடுவுக்கு 150 கிராம் உப்பு சேர்த்தால், 15 கிராம் எடையுள்ள மாவடுவில் ஏறக்குறைய 2 கிராம் உப்பு இருக்கும். தயிர் சாதத்துடன் இரண்டு மாவடு உண்டவர் அன்றைய உப்பில் பெரும்பங்கை அப்போதே முடித்துவிடுகிறார். மோர் மிளகாயில் நிலைமை இன்னும் கடுமை. வெயிலில் நீர் போய்விடுகிறது, உப்பு போவதில்லை. 1 கிலோ மிளகாய் 100 கிராம் உப்பை முழுவதும் ஏற்றுக்கொண்டு, காய்ந்து 250 கிராமாகச் சுருங்கினால், அதன் எடையில் பத்தில் நான்கு பங்கு உப்பே.

இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்காக விளைச்சலின் ஒரு பகுதியை உப்பு சேர்க்காமல் தனியே எடுத்து வைக்கலாம். கறிவேப்பிலை, முருங்கைக்கீரை ஆகியவற்றை நிழலில் உலர்த்தலாம். எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து உறையவைக்கலாம். முருங்கைக்கீரைப் பொடி எல்லோருக்கும் ஏற்றது என்ற நம்பிக்கை மட்டும் சரியன்று. அதில் பொட்டாசியம் மிகுதி. ஆதலால் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் உண்ணக் கூடாது. வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவர்கள் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடைகளில் கிடைப்பதிலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால், சிறுநீரக நோயாளிகள் வீட்டில் அதனை ஊறுகாய்க்கோ சமையலுக்கோ பயன்படுத்தலாகாது.

பூஞ்சையும் பூண்டும்

சரியாகக் காயாத மிளகாயிலும் வேர்க்கடலையிலும் படரும் சிலவகைப் பூஞ்சைகள் அஃப்லடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. இது கல்லீரலைப் பாதிக்கும். நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கும் காரணமாகலாம். மஞ்சள்காமாலை பி தொற்று உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பன்மடங்கு. பூஞ்சை படிந்ததைத் துடைத்து மறுபடி வெயிலில் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். வெயிலும் கொதிக்கும் எண்ணெயும் இந்த நஞ்சை முழுமையாக அழிப்பதில்லை. மனம் ஒப்பாவிட்டாலும் அதனை எறிந்துவிட வேண்டும்.

பூண்டை வெறும் எண்ணெயில் ஊறவைத்து வெளியில் வைப்பது வேறு வகை ஆபத்து. காற்றுப் புகாத, புளிப்பற்ற அச்சூழலில் போட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் நஞ்சு உருவாகலாம்; நிறமோ மணமோ மாறாமலும் இருக்கலாம். பூண்டு ஊறுகாயில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தாராளமாகச் சேர்த்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, விரைவில் உண்டு முடிக்க வேண்டும்.

மிளகாய் வறுக்கும்போது ஆஸ்துமா நோயாளிகள் வீட்டின் மறுபுறம் இருப்பதும், இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் அவசியம். மிளகாய் கீறிய கை எரிந்தால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பின்னர் சோப்பால் கழுவவும். காரம் நீரில் எளிதில் கரைவதில்லை.

வேலையைப் பகிர்ந்துகொள்ளுதல்

பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களும் மூட்டுவலி உள்ளவர்களும் தரையில் குந்தாமல், நாற்காலியில் அமர்ந்து மேசை மீது காம்பு கிள்ளலாம். மறதி நோய் உள்ளவர்களுக்கும் பழகிய இவ்வேலை அமைதி தருவதுண்டு. கத்தி, அரிவாள்மனை, அடுப்பு ஆகியவை அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடனடியாக மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

வெயிலில் இருந்தவருக்கு உடல் கொதித்து, பேச்சு குழறி, சுயநினைவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கம். 108-ஐ அழைத்துவிட்டு, வாகனம் வரும் வரை நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஊறுகாய் போன்றவற்றை உண்ட சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பார்வை இரட்டையாகத் தெரிதல், இமை தொங்குதல், விழுங்க இயலாமை தோன்றினால், உண்ட பொருளின் எஞ்சிய பகுதியுடன் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவும். மருந்து, உணவு பற்றிய பிற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கு வரும் சுகாதாரப் பணியாளரிடமும் கேட்டறியலாம்.