பித்தப்பையில் கல்... ஆபரேஷன் வெளிநாட்டிலா, லீவுக்கு வரும்போது ஊரிலா?

ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போய் நண்பர்களோட ஒரு மட்டன் பிரியாணி. ராத்திரி 11 மணிக்கு டார்மிட்டரி கட்டில்ல படுத்தா, வலது பக்க விலா எலும்புக்குக் கீழ பிடிச்சு முறுக்குற மாதிரி வலி. முதுகுக்குப் போகுது, வலது தோள்பட்டைக்கு ஏறுது. 'கேஸா இருக்கும்'னு ஈனோ கரைச்சுக் குடிக்கிறீங்க. ரெண்டு மணி நேரத்துல வலி தானா அடங்குது. அடுத்த வாரம் பரோட்டா, சால்னா. மறுபடியும் அதே வலி.

ஸ்கேன் எடுத்தா பித்தப்பையில் கல். டாக்டர் ஆபரேஷன்னு சொல்றார். நீங்க ஊருக்கு போன் போடுறீங்க. அம்மா சொல்ற முதல் வார்த்தை, "ஏய்யா, வாழைத்தண்டைச் சாறெடுத்துக் குடி, கரைஞ்சிரும்." ரெண்டாவது வார்த்தை, "தெரியாத ஊர்ல கத்தி வைக்காத, லீவுக்கு வரும்போது பாத்துக்கலாம்."

அறந்தாங்கி, ஆலங்குடி, கறம்பக்குடி, பொன்னமராவதின்னு புதுக்கோட்டை மாவட்டத்துல வெளிநாட்டுச் சம்பாத்தியம் இருக்குற வீடுகளுக்கு இந்த உரையாடல் புதுசு இல்ல. அம்மா சொன்ன முதல் விஷயம் தப்பு. ரெண்டாவது, சில சமயம் சரி, சில சமயம் உயிருக்கே ஆபத்து. எப்போ எதுன்னு தெரிஞ்சுக்கணும்.

வாழைத்தண்டு பேச்சு வர்றதே சிறுநீரகக் கல்லுக்குத்தான். பித்தப்பை வேற ரூட். கல்லீரல் சுரக்குற பித்தநீரைச் சேர்த்து வெச்சு, கொழுப்பு சாப்பிடும்போது குடலுக்குத் தள்ளுற சின்னப் பை அது. அதுல இருக்குற கல்லுக்கும் சிறுநீருக்கும் சம்பந்தமே இல்ல. கல்லைக் கரைக்க மாத்திரை இருக்கு. ஆனா சிறிய கொழுப்புக் கற்களுக்கு மட்டும், மாசக்கணக்குல சாப்பிடணும், நிறுத்தினா திரும்ப வர வாய்ப்பு அதிகம். யூடியூப்ல வர்ற 'ஆலிவ் ஆயில், எலுமிச்சைச் சாறு' வைத்தியத்துல பச்சை உருண்டைகள் வெளிய வருதுன்னு காட்டுவாங்களே, அது பெரும்பாலும் எண்ணெய் குடலுக்குள்ள சோப்பு மாதிரி உறைஞ்ச உருண்டை. கல் உள்ளேயேதான் இருக்கும்.

'கல்லை மட்டும் எடுத்துட்டு பையை விட்ரலாமே'ன்னு நிறைய பேர் கேப்பாங்க. பை இருந்தா கல் திரும்ப வரும், அதனால பையோட எடுப்பாங்க. 1882-ல் பெர்லின்ல கார்ல் லாங்கென்புக் முதல்முறையா இதைச் செஞ்சதிலிருந்தே, பித்தப்பை இல்லாம மனுஷன் நல்லா வாழலாம்னு தெரியும். இன்னிக்கு நாம பார்க்குற நுண்துளை முறை, அதாவது லேப்ராஸ்கோப்பி, 1985-ல் ஜெர்மனியில் ஆரம்பிச்சது. 1990-லேயே மும்பைக்கு வந்துடுச்சு. புதுசும் இல்ல, அபூர்வமும் இல்ல.

எல்லாருக்கும் ஆபரேஷன் வேணுமா?

வேணாம். வேற எதுக்கோ ஸ்கேன் எடுத்தப்போ தற்செயலா கல் தெரிஞ்சது, வலியே வந்ததில்லைன்னா, பெரும்பாலும் அப்படியே விட்டுக் கவனிக்கலாம்னுதான் டாக்டர்கள் சொல்வாங்க. அப்படிப்பட்டவங்கள்ல பெரும்பாலானோருக்குக் கடைசி வரைக்கும் தொந்தரவு வராது. கல் ரொம்பப் பெருசா இருந்தாலோ, பித்தப்பைச் சுவரில் மாற்றம் தெரிஞ்சாலோ கதை வேற.

ஆனா ஒருமுறை அந்த வலி வந்துட்டா, திரும்ப வரும்னே வெச்சுக்கங்க. எப்போ வரும்னு மட்டும் சொல்ல முடியாது. பித்தப்பையின் வாயை கல் அடைச்சா வீக்கமும் கிருமித்தொற்றும். கீழ நழுவி பித்தக்குழாய்ல சிக்கினா மஞ்சள் காமாலை. கணையத்தின் வாயை அடைச்சா கணைய அழற்சி, ஐ.சி.யூ வரைக்கும் கொண்டுபோற விஷயம்.

'காண்ட்ராக்ட் முடிய இன்னும் 14 மாசம், அதுவரைக்கும் மாத்திரைல ஓட்டிடலாம்'ங்கிற கணக்கு அதனாலதான் தப்பு. பலரும் அப்படி ஓட்டுறதுக்குக் காரணம் அறியாமை இல்ல, பயம். கம்பெனிக்குத் தெரிஞ்சா பெர்மிட்டைக் கட் பண்ணிடுவாங்களோ, ஏஜென்ட்டுக்குக் கட்டின கடன் இன்னும் பாதி இருக்கேன்னு. அந்தப் பயத்துல நியாயம் இருக்கு. ஆனா ராத்திரி 2 மணிக்கு ஆம்புலன்ஸ்ல போனாலும் கம்பெனிக்குத் தெரியத்தான் போகுது.

எப்போ விமானம் ஏறவே கூடாது?

வலி ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல விடாம இருக்கு, காய்ச்சல் குளிருது, கண் மஞ்சளாகுது, சிறுநீர் கறுத்த டீ கலர்ல போகுது, நிக்காம வாந்தி. இதுல ஒண்ணு இருந்தாலும் டிக்கெட் தேடாதீங்க. இருக்குற நாட்டிலேயே உடனே ஆஸ்பத்திரி. சிங்கப்பூர்னா 995-க்கு அடிங்க. பித்தப்பை வீங்கினா முதல் சில நாளுக்குள்ள, ஒரு வாரத்துக்குள்ள ஆபரேஷன் செய்றது நல்லதுன்னு வழிகாட்டுதல்கள் சொல்லுது. அந்த நாள்களை நீங்க ஏர்போர்ட்டிலும் விமானத்திலும் கழிச்சா, திருச்சில இறங்கும்போது வீக்கம் முத்தி, 'ஆறு வாரம் கழிச்சு வாங்க'ன்னு திருப்பி அனுப்பலாம். இல்லைன்னா வயித்தைத் திறந்து செய்ய வேண்டிவரலாம்.

செலவை நினைச்சுத் தயங்குறவங்களுக்கு: சிங்கப்பூர்ல ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் தொழிலாளர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆகணும். ஆண்டுக்கு 15,000 டாலரா இருந்த குறைந்தபட்ச வரம்பு, 2023 ஜூலை 1 முதல் 60,000 சிங்கப்பூர் டாலர் ஆயிடுச்சு. 15,000-க்கு மேல போற பில்லில் காப்பீடு 75 சதவிகிதம், முதலாளி 25 சதவிகிதம். ஆறு மாசம் வேலை பார்த்திருந்தா, ஆஸ்பத்திரியில சேர வேண்டிய நோய்க்கு வருஷத்துக்கு 60 நாள் வரைக்கும் சம்பளத்தோட மருத்துவ விடுப்பும் உண்டு. கம்பெனியில பேசத் தயக்கமா இருந்தா மைக்ரன்ட் ஒர்க்கர்ஸ் சென்டர், ஹெல்த்சர்வ் மாதிரியான அமைப்புகள் இருக்கு.

வளைகுடா நாடுகள்ல பாலிசிக்குப் பாலிசி வித்தியாசம். ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டான்னு கார்டைக் காட்டி எழுத்துல கேட்டு வாங்குங்க.

ஊர்லதான்னு முடிவு பண்ணினா...

காய்ச்சல் இல்ல, மஞ்சள் இல்ல, ரத்தப் பரிசோதனையில கல்லீரல் ரிசல்ட் சரியா இருக்கு, வலி எப்போவாவது வந்து போகுது. அப்படின்னா அங்க இருக்குற டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஊருக்கு வந்து செய்யலாம். தப்பே இல்ல. டார்மிட்டரி மேல் கட்டில்ல ஏறி இறங்குறதைவிட வீட்டுல அம்மா வைக்கிற ரசம் சாதம் எவ்வளவோ மேல். அந்த இடைப்பட்ட காலத்துல எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைங்க. பட்டினி கிடந்து உடம்பை வேகமா இளைக்க வைக்காதீங்க, அது கல்லுக்குத்தான் சாதகம்.

ஆனா லீவுக் கணக்கை ஒழுங்காப் போடணும். நம்ம ஆட்கள் செய்ற தப்பு என்னன்னா, ஒரு மாச லீவுல முதல் மூணு வாரம் ஜல்லிக்கட்டு, கோயில் திருவிழா, தங்கச்சி நிச்சயம், கறி விருந்து. கடைசி வாரம் ஆபரேஷன். தலைகீழா மாத்துங்க. இறங்கின முதல் வாரத்துலேயே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்துக்கான செக்கப் எல்லாம் முடிஞ்சிடணும். காரணம், பித்தக்குழாயிலும் கல் இருக்குன்னு தெரிஞ்சா, முதல்ல எண்டோஸ்கோப்பி மூலமா அதை எடுக்கணும். அந்த வசதிக்கு திருச்சி, மதுரை, தஞ்சாவூர்னு போக வேண்டிவரலாம். அதுக்கே தனியா சில நாள் ஓடிடும்.

லேப்ராஸ்கோப்பி சிக்கல் இல்லாம முடிஞ்சா ஒண்ணு ரெண்டு நாள்ல வீட்டுக்கு வரலாம். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பார்க்குறவங்க ரெண்டு வாரத்துல திரும்பலாம். கம்பி கட்டுறவங்க, ஷிப்யார்டு, மூட்டை தூக்குறவங்களுக்கு அப்படி இல்ல. நாலு முதல் ஆறு வாரம் கனமான பொருள் தூக்கக் கூடாது. வயித்தைத் திறந்து செய்ய நேர்ந்தா இன்னும் கூடும். ஒரு மாச லீவு இவங்களுக்குப் பத்தாது. கம்பெனியில முன்கூட்டியே 'லைட் ட்யூட்டி' பேசி, டாக்டர் சர்டிஃபிகேட்டோட போகணும். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாத்துற மாதிரி போடுங்க.

பணம். புதுக்கோட்டையில 2017-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில அறுவை சிகிச்சைத் துறை இருக்கு. லேப்ராஸ்கோப்பி எந்த நாள், வெயிட்டிங் எத்தனை நாள்னு, நீங்க கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டுல ஒருத்தரை அனுப்பிக் கேளுங்க. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். வெளிநாட்டுச் சம்பளம் வாங்குற உங்களுக்கு அது பொருந்துமான்னு மருத்துவமனையில இருக்குற காப்பீட்டு கவுன்டர்ல முதல்லயே தெளிவு பண்ணிக்கங்க.

தனியார் பாலிசியை இப்போ அவசரமா எடுத்து ஆபரேஷனுக்கு கிளெய்ம் பண்ணலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பித்தப்பைக் கல் பெரும்பாலான பாலிசிகள்ல ரெண்டு வருஷக் காத்திருப்புப் பட்டியல்ல இருக்கு. ஸ்கேன் ரிப்போர்ட்டை மறைச்சு பாலிசி எடுத்தா, அதுவே கிளெய்மை நிராகரிக்கக் காரணம். வளைகுடா, மலேசியாவுக்கு இ.சி.ஆர் பாஸ்போர்ட்டில் போனவங்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசி இருக்கும். போகும்போது ஏஜென்ட் எடுத்துக் குடுத்திருப்பார், பல பேருக்கு அது இருக்குறதே தெரியாது. அதுல சிகிச்சைச் செலவுக்கும் ஒரு பகுதி உண்டு. காலாவதி ஆகலையான்னு பாருங்க.

தனியார் ஆஸ்பத்திரியில 'பேக்கேஜ்' விலை கேட்கும்போது, மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், பயாப்ஸி, வயித்தைத் திறக்க நேர்ந்தா கூடுதல் எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க. பித்தக்குழாய் காயப்படுறது அபூர்வம், ஆனா ஆபரேஷனில் பெரிய ஆபத்து அதுதான். அதனால விலையோட நிறுத்தாம, இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்றவரான்னும் கேட்டுடுங்க. கேட்டா கோவிச்சுக்கற டாக்டர்னா வேற டாக்டரைப் பாருங்க.

சிக்கல் இல்லாத நுண்துளை ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள்லேயே பறக்க அனுமதி உண்டுன்னாலும், அவசரப்படாம டாக்டரை ஒருமுறை திரும்பப் பார்த்துட்டுக் கிளம்புங்க. எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க, ரிசல்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். நிறைய பேர் அதை வாங்காமலே பெட்டியைக் கட்டிடுறாங்க. அபூர்வமா அதுல புற்றுநோய் தெரியலாம், அதனால ரிப்போர்ட் கைக்கு வந்து, டாக்டர் படிச்சுப் பார்த்த பிறகுதான் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வண்டி சொல்லணும். அதையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. அங்க போய் காய்ச்சலோ, மஞ்சளோ வந்தா அந்த ஊர் டாக்டர் முதல்ல கேட்கப்போறது அதைத்தான்.