விட்டதைப் பிடிக்க முடியுமா?

2024-ம் ஆண்டில் ஓர் இரவு. மணி 11. மேடவாக்கம் கூட்டு ரோட்டில் சந்தடி அடங்கிவிட்டது. ஒரு வீட்டில் குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். குடும்பத் தலைவர் மட்டும் தூங்கவில்லை. அவர் கையில் செல்போன். போனுக்குள்ளே சீட்டுக்கட்டு!

"என்னங்க, இன்னும் தூங்கலையா?" என்று கேட்கிறாள் மனைவி.

"இதோ, ஒரே ஒரு ஆட்டம். விட்டதைப் பிடிச்சிட்டு வந்துடறேன்."

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் அந்தப் பேச்சு கற்பனை அல்ல. தாம்பரம் முதல் சோழிங்கநல்லூர் வரை எத்தனையோ வீடுகளில் கேட்ட பேச்சு அது. செல்போன் வருவதற்கு முன்பு சீட்டுக் கிளப்புகளிலும் அதையேதான் சொன்னார்கள்.

சீட்டில் தோற்பது சாதாரண விஷயம். குடும்பம் மூழ்குவது அதனால் அல்ல. தோற்ற பிறகு, "பிடித்துவிடுகிறேன்" என்று செய்கிற காரியத்தினால்தான். எப்படி என்று பார்ப்போமா?

ஒரு காசு போதும்

ஒரு ரூபாய்க் காசை எடுங்கள். நூறு முறை சுண்டுங்கள். தலையா, பூவா என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்.

தலையும் பூவும் மாறி மாறி விழும் என்றுதானே நினைப்பீர்கள்? அப்படி விழாது! தொடர்ந்து ஐந்து தலையோ, ஐந்து பூவோ எங்காவது ஓர் இடத்தில் அநேகமாக வந்தே தீரும். வராமல் போவதுதான் அபூர்வம்.

நான் என் வீட்டில் செய்து பார்த்தேன். ஓர் இடத்தில் ஐந்து முறை பூவே விழுந்தது. பக்கத்தில் இருந்த என் மகன், "அடுத்தது தலைதாம்பா, பந்தயம்!" என்றான். ஆறாவது முறையும் பூ.

காசுக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. சீட்டும் அப்படித்தான். நன்றாகக் கலைத்த சீட்டுக்கட்டுக்கு, நீங்கள் நேற்று 5,000 ரூபாய் தோற்றது எப்படித் தெரியும்? "பாவம், இவனுக்கு இன்று நல்ல சீட்டு கொடுப்போம்" என்று அது நினைக்குமா?

1913-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந்தேதி. மொனாக்கோ நாட்டில் மான்டி கார்லோ என்ற ஊரின் சூதாட்ட மாளிகை. அங்கே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதில் ஒரு சிறு பந்தை உருட்டி விடுவார்கள். அது சிவப்புக் கட்டத்தில் விழுமா, கறுப்புக் கட்டத்தில் விழுமா என்று பந்தயம். அன்று கறுப்பிலேயே விழுந்துகொண்டிருந்தது. "இனிமேல் சிவப்புதான்!" என்று கூட்டம் பணத்தைக் கொட்டியது. மறுபடியும் கறுப்பு! மேலும் கொட்டினார்கள். அன்று தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. கொட்டிய பணம் மாளிகைக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது.

திறமை இருந்தால்?

"சீட்டாட்டம் திறமை ஆட்டம் அல்லவா? காசு சுண்டுவதும் அதுவும் ஒன்றா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

ஆனால் திறமை எப்போது தெரியும்? ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் தெரியும். ஒரு ராத்திரியில் தெரிவது அதிர்ஷ்டம்தான்.

போக்கர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் கையில் இரண்டு ஏஸ். எதிராளி கையில் இரண்டு ராஜா. இதைவிட நல்ல நிலைமை வேண்டுமா? மேஜையில் ஐந்து சீட்டையும் விரித்த பிறகு பார்த்தால், ஏஸ்காரர் ஐந்துக்கு நாலு தடவைதான் ஜெயிக்கிறார். ஐந்தில் ஒரு தடவை ராஜா ஜெயித்துவிடுகிறது! ஒரு தப்பும் செய்யாமலே தோற்கிற கணக்கு இது.

இதைத் தொழிலாகவே ஆடுகிறவர்கள் வெளிநாடுகளில் உண்டு. அவர்களும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தோற்கிறார்கள். அதனால் ஆட்டப் பணத்தை வீட்டுப் பணத்தோடு கலக்க மாட்டார்கள். அந்தப் பணத்திலும் நாற்பதில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மேஜைக்குக் கொண்டு போகாதவர்கள் பலர். இவ்வளவு தோற்றால் எழுந்துவிடுவது என்று முன்பே முடிவு செய்துகொள்வார்கள். ஒவ்வொரு நாள் கணக்கையும் எழுதுவார்கள். நம்முடைய ஆட்டக்காரர் எழுதுகிறாரா? ஜெயித்த 2,000 ஞாபகம் இருக்கும். தோற்ற 12,000 மறந்து போகும்!

ஐந்தாவது ஆள்

இன்னொரு சங்கதியும் உண்டு. ஆட்டம் நடத்துகிறவர் சும்மா நடத்துவதில்லை.

நாலு பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் வைத்து உட்காருகிறார்கள். மொத்தம் 4,000. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆளுக்கு 100 ரூபாய் பந்தயம். அந்த 400 ரூபாயில் நூற்றுக்கு ஐந்து வீதம் 20 ரூபாயை நடத்துகிறவர் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆட்டம் முடிந்தது. அவர் பையில் 2,000 ரூபாய்! மேஜையில் இருந்த பணத்தில் சரிபாதி. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆடியவர்கள் நாலு பேர், நிச்சயமாக ஜெயித்தவர் ஐந்தாவது ஆள்.

இரட்டிப்பு

"தோற்றால் அடுத்த ஆட்டத்தில் இரண்டு மடங்கு வை. ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும்" என்று ஒரு யோசனை சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

100 ரூபாயில் ஆரம்பியுங்கள். தோற்றால் 200. பிறகு 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு தடவை தோற்றதும் போனது 12,700 ரூபாய். எட்டாவது தடவை வைக்க வேண்டியது 12,800. இவ்வளவும் எதற்கு? ஜெயித்தால் மிச்சம் 100 ரூபாய்! பத்து தடவை தோற்றால் போவது 1,02,300 ரூபாய்.

நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும் போட்டி என்றால் தோற்றவர் வீட்டுக்குப் போயாக வேண்டும். காசு வைத்து ஆடும் ஆட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. தீர்ந்தால் மறுபடியும் பையில் கையை விடலாம். பை காலியானால் நகை, நகை தீர்ந்தால் கடன்.

தர்மபுத்திரர் நாட்டைத் தோற்றார். தம்பிமாரைத் தோற்றார். தம்மையே தோற்றார். பிறகு பாஞ்சாலியை வைத்தார். சகுனி மோசக்காரன், சரி. ஆனால் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது யார்? திருக்குறளில் 94-வது அதிகாரம் முழுவதும் சூதைப் பற்றியதுதான். இழக்க இழக்க ஆசை வளரும் என்பதை வள்ளுவர் அங்கே சொல்லிவிட்டார்.

சட்டம் வந்தது

கடனாலும் தற்கொலைகளாலும் குடும்பங்கள் சீரழிந்ததைப் பார்த்து, 2022-ம் ஆண்டு ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒரு குழு அமைத்தது. 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குத் தடை செல்லாது என்று அதே ஆண்டு நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு கூறியது. 2025 பிப்ரவரியில், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று விதி வந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே சட்டம் செய்தது. திறமையோ, அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை அந்தச் சட்டம் தடை செய்தது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை.

போனில் ஆட்டத்துக்குத் தடை வந்துவிட்டது. பட்ட கடன் போகவில்லையே! ஆசையும் சுலபத்தில் போகாது. நாலு சுவருக்குள் சீட்டுக்கட்டு இன்னும் இருக்கத்தான் இருக்கிறது.

வீட்டில் சொல்லுங்கள்

கடன் எவ்வளவு, யாருக்கு என்று ஒரே தாளில் எழுதி மனைவியிடம் காட்டுவதுதான் முதல் வேலை. கஷ்டமான வேலைதான். அவர் அழலாம், திட்டலாம். மறைத்து வைத்தால் மறுபடியும் ஆட்டத்தில்தான் போய் நிற்கும். சில காலம் சம்பளப் பணம் அவர் கைக்கே போகட்டும். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வேண்டாம்.

மனைவிமாருக்கும் ஒரு வார்த்தை. அவர் கடனை நீங்கள் ரகசியமாக அடைத்துவிடாதீர்கள். அடைத்த மறுநாளே கை சும்மா இருக்காது.

இது வெறும் கெட்ட பழக்கம் அல்ல, வைத்தியம் உள்ள நோய் என்று டாக்டர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மேடவாக்கத்துக்காரர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாம். பஸ் ஏற மனம் வரவில்லையா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம். இரவு 11 மணிக்கும் எடுப்பார்கள்.