வீட்டுக்கு வீடு 'ஹட்ச் நாய்'... ஒரு செல்போன் விளம்பரம் செய்த மாயம்!

'ஹட்ச்' என்ற செல்போன் நிறுவனப் பெயர் இந்தியச் சந்தையில் இருந்து மறைந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆனால், தட்டை மூக்கும் சுருக்கம் விழுந்த முகமுமாக ஒரு குட்டி நாயைப் பார்த்தால், "ஐ... ஹட்ச் நாய்!" என்று சொல்லும் வழக்கம் மட்டும் மறையவில்லை. 'பக்' என்ற அதன் உண்மையான பெயரைவிட இதுதான் பலருக்குப் பழக்கம்.

அந்த விளம்பரம் வந்தது 2003-ல். ஒரு சிறுவன் எங்கே போனாலும் அந்த நாய் பின்னாலேயே போகும். வசனம் கிடையாது, பின்னணியில் ஒரு பாட்டு மட்டும். 'நீங்கள் எங்கே போனாலும் எங்கள் நெட்வொர்க் கூடவே வரும்' என்பதுதான் செய்தி. ஓகில்வி நிறுவனத்துக்காக பிரகாஷ் வர்மா இயக்கிய இந்த விளம்பரம் கோவாவில் படமாக்கப்பட்டது. அதில் நடித்த பக்கின் பெயர் சீக்கா.

ஏன் இவ்வளவு ஹிட்?

இன்கமிங் அழைப்புகள் இலவசமானது 2003 மே மாதத்தில்தான். நடுத்தரக் குடும்பங்களுக்குள் செல்போன் நுழைந்த நேரம். சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஓடி, "ஹலோ... ஹலோ..." என்று கத்திய காலம். அப்போது 'கூடவே வருவேன்' என்றது ஒரு நாய். மனசில் ஒட்டாமல் இருக்குமா?

இன்னொரு காரணம், மொழி. இந்தியில் எடுத்து தமிழில் டப்பிங் செய்யும் விளம்பரங்களில் உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போகும். இதில் அந்தத் தொல்லையே இல்லை. மும்பைக்கும் மயிலாப்பூருக்கும் ஒரே படம்தான்!

2007-ல் ஹட்ச், வோடபோன் ஆனபோதும் அதைச் சொல்ல வந்தது இதே பக்தான். பிங்க் நிறக் கூண்டிலிருந்து வெளியே போய், சிவப்பு நிறக் கூண்டுக்குத் திரும்பி வந்தது.

நாய்க்கு என்ன ஆச்சு?

விளம்பரம் விற்க நினைத்தது சிம் கார்டை. கூடவே பக் குட்டிகளுக்கும் மவுசு ஏறியது. அபார்ட்மென்ட் வீட்டுக்கு ஏற்ற அளவு, குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும் குணம் என்று ஆசையாக வாங்கினார்கள்.

சிக்கல், அதன் மூக்கில் இருக்கிறது. நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக்கின் குட்டை மூக்குக்கும் குறுகிய மூச்சுப்பாதைக்கும் அது பெரும்பாடு. ராஜா அண்ணாமலைபுரம் மாதிரி கடலோரப் பகுதி என்றால் காற்று வருமே என்று தோன்றும். ஆனால், காற்றில் ஈரப்பதம் அதிகமானால் மூச்சிரைத்தாலும் சூடு எளிதில் தணியாது. கத்திரி வெயிலில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

2018-ல் பீட்டா இந்தியா, பக்கை விளம்பரங்களில் பயன்படுத்த வேண்டாம் என்று வோடபோனைக் கேட்டுக்கொண்டது. 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இனப்பெருக்கம் செய்யக் கூடாத வெளிநாட்டு இனங்களின் பட்டியலில் பக்கும் இடம்பெற்றது.

வீட்டில் பக் இருக்கிறதா?

* வாக்கிங் விடியற்காலையில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு மட்டும்.
* கழுத்துப் பட்டைக்குப் பதில், மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை நல்லது.
* எடை கூட விடாதீர்கள். எடை கூடினால் மூச்சுத்திணறலும் கூடும்.
* முகச் சுருக்கங்களைத் தினமும் துடைத்து, ஈரமில்லாமல் வைத்திருங்கள்.
* விடாமல் மூச்சிரைத்தாலோ, நாக்கு நீலமானாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

புதிதாக நாய் வளர்க்க ஆசையா? நம் ஊர் வெயிலுக்குப் பழகிய தெரு நாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடுக்கலாம். தடுப்பூசி போட்டு, வேளாவேளைக்குச் சோறு போட்டால் போதும். நீங்கள் போகிற இடமெல்லாம் அதுவும் பின்னாலேயே வரும்!