ஜுரத்தில் படுத்தால் சம்பளம் ‘கட்’டா? 91 நாள் பணம் வாங்க வழி இருக்கிறது!

சென்னை: தர்ம ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். மருந்தும் இலவசம். ஆனால் படுத்துக் கிடக்கும் நாளில் வீட்டில் உலை வைக்க யார் பணம் தருவது? தினக்கூலிக்காரர்களை நோயைவிட அதிகம் வாட்டுவது இந்தக் கேள்விதான்.

“அன்னிக்கு மூட்டை தூக்கினாத்தான் அன்னிக்குத் துட்டு. ஜொரம்னு படுத்தா பசங்களுக்கு யாரு சார் சோறு போடுவா? ரெண்டு மாத்திரையைப் போட்டுக்கினு வந்துட்டேன்” என்கிறார், கோயம்பேடு மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவர். கண் இரண்டும் சிவந்திருந்தன.

படுத்த நாளுக்கும் பணம் தர நம் நாட்டில் சட்டம் போட்டு முக்கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. 1943-ல் வெள்ளைக்கார சர்க்கார் பேராசிரியர் அதார்க்கரிடம் திட்டம் கேட்டது. 1948-ல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் 1955-ல் முதலில் கோவைக்கு வந்தது. அதுதான் இ.எஸ்.ஐ. பழைய சட்டம் 2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும் திட்டம் தொடர்கிறது.

கணக்கு என்ன?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை, கடை, ஓட்டல்களுக்கு இது பொருந்தும். சம்பள வரம்பை 2017 ஜனவரியில் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தினார்கள். 2019 ஜூலையில் சந்தாவைக் குறைத்தார்கள். தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம்.

தினம் 600 ரூபாய் வாங்கும் ஜவுளிக்கடைப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். 26 நாள் வேலை, 15,600 ரூபாய் சம்பளம். அவனிடம் பிடிப்பது 117 ரூபாய். முதலாளி கட்டுவது 507 ரூபாய். டைபாய்டில் 12 நாள் படுத்துவிட்டான். இ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால், முதல் 2 நாள் போக, 10 நாளுக்கு நாளொன்றுக்கு 420 வீதம் 4,200 ரூபாய் அவன் பேங்க் கணக்குக்கு வரும். கூலியில் 70 சதவீதம்! வருடத்துக்கு 91 நாள் வரை இப்படி வாங்கலாம். டி.பி., புற்றுநோய் போன்ற நீண்ட நோய் என்றால் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. அதற்கு இரண்டு வருட சர்வீஸ் வேண்டும்.

முதல் 2 நாளுக்கு ஏன் இல்லை? திங்கட்கிழமைத் தலைவலிக்காரர்களுக்குப் பயந்துதான்! ஆனால் 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்த 2 நாள் கழிவு கிடையாது. இது பலருக்குத் தெரியாது.

ஒன்பது பேர் மர்மம்

ஓட்டை இல்லாமல் இல்லை. 6 மாத சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அடிக்கடி கடை மாறுகிறவர் பாடு திண்டாட்டம். இன்னும் சில கடைகளில் 14 பேர் சுற்றிச் சுற்றி வேலை செய்வார்கள். ரிஜிஸ்டரில் இருப்பதோ 9 பேர்தான்!

“பத்தாவது ஆளை எழுதினா சந்தா கட்டணும். அவன் அடுத்த மாசமே நின்னுடுவான். நமக்கு எதுக்கு வம்பு?” என்று சிரிக்கிறார், பாரிமுனைக் கடைக்காரர் ஒருவர். படுத்தவனுக்குச் சிரிப்பு வராது. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா, காப்பீட்டு எண் கொடுத்திருக்கிறார்களா என்று கடைப் பையன்கள் இன்றைக்கே பார்த்துக்கொள்வது நல்லது.

மூட்டைக்காரருக்கு?

மூட்டைக்காரர், சித்தாள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் கதை வேறு. இவர்களில் பலருக்கு முதலாளி யார் என்பதே தெரியாது. 1982-ம் ஆண்டு சட்டப்படி தமிழ்நாட்டில் நல வாரியங்கள் உண்டு. விபத்துக்கு, பிரசவத்துக்கு, பிள்ளை படிப்புக்கு, கல்யாணத்துக்குப் பணம் வரும். பென்ஷனும் உண்டு. பத்து நாள் காய்ச்சலில் போன கூலிக்கு?

டி.பி. நோயாளிகளுக்கு மட்டும் சத்தான சாப்பாட்டுக்கென்று 2018 ஏப்ரலில் மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆனது. கட்டட வேலையில் அது இரண்டு நாள் கூலி. மாத்திரை சாப்பிட வேண்டியதோ 6 மாதம்! இருமல் கொஞ்சம் அடங்கியதும் சாரத்தில் ஏறிவிடுகிறார்கள். மாத்திரை வாங்கப் போய் நின்றால் அரை நாள் கூலி போகுமே! பாதியில் விட்டால் நோய் திரும்புகிறது. பழைய மாத்திரைக்குக் கட்டுப்படாமலும் போகலாம். அப்புறம் வைத்தியமும் நீளம், கூலி இல்லாத நாட்களும் நீளம்.