காத்திருப்பின் அளவு

கேள்வி புறப்படுதற்கும் விடை வந்து சேர்தற்கும் இடைப்பட்ட காலமே தாமதம் எனப்படும். அதனை அளத்தல் எளிதெனத் தோன்றும். ஆயின், எக்கடிகாரத்தால், எவ்விடத்திலிருந்து அளப்பது என ஆராயுமிடத்து அதன் அருமை புலனாகும்.

திருகோணமலைக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்தது குச்சவெளி. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி நிலம் அதிர்ந்தபோது, இலங்கைக் கடிகாரம் காலை 6.58 எனக் காட்டிற்று. இந்தியக் கடிகாரமோ 6.28 எனக் காட்டிற்று. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையை அடைந்தது. தொடக்கத்தை இந்திய நேரத்தாலும் முடிவை இலங்கை நேரத்தாலும் குறித்துக் கழிப்பவர்க்கு அவ்விரண்டு மணித்தியாலம் இரண்டரையாகிவிடும். 2006 ஏப்பிரலில் இலங்கை தன் கடிகாரத்தை அரைமணி பின்தள்ளியது. அவ்வேளை நிகழ்ந்ததொன்றைச் சுவர்க்கடிகாரத்தால் அளந்திருப்பின், முடிவு தொடக்கத்துக்கு முந்தியதாகவும் தோன்றியிருக்கும்.

கணினியுலகிலும் இவ்விடர் உண்டு. பல சேவைக் கணினிகளுக்கு முன்னின்று, வரும் கோரிக்கைகளை ஏற்று, அனுப்பியவர் உரியவரோவென ஆராய்ந்து, தக்க சேவைக்கு விடுத்து, விடையைத் திருப்பித் தருவதனை ஏபிஐ கேட்வே என்பர். வாயிற்காவலன் என நாம் கொள்ளலாம். கணினியின் நாட்கடிகாரம் வலையமைப்பின் வழியே அவ்வப்போது திருத்தப்படுவது. ஆதலின் முன்னும் பின்னும் தாவக்கூடியது. எனவே, பின்னோக்கிச் செல்லாத தனிக்கடிகாரத்தைக் கொண்டு, ஒரே கணினியில் தொடக்கம், முடிவு இரண்டையும் குறித்தல் வேண்டும்.

அடுத்தது அளவு தொடங்கும் இடம். கோரிக்கை வாயிலை அடைந்தவுடனேயே அளவு தொடங்கல் வேண்டும். சேவைக்கு அனுப்பும்போது தொடங்கின், வரிசையிற் கழிந்த காலம் கணக்கில் வாராது. சேவை எடுத்துக்கொண்ட நேரத்தை வேறாகக் குறித்து மொத்தத்திற் கழித்தால், வாயிலில் நேர்ந்த தாமதம் விளங்கும். கைத்தொலைபேசியிலிருந்து வாயில்வரை சென்ற நேரத்தை வாயில் அறியாது; அதனையும் அறிய வேண்டின், கேட்பவரின் கருவியிலும் அளத்தல் வேண்டும்.

சராசரியும் நம்மை மயக்கும். நூறு கோரிக்கைகளுள் 98க்கு 20 மில்லிசெக்கனிலும், 2க்கு 5,000 மில்லிசெக்கனிலும் விடை கிடைத்ததெனக் கொள்வோம். சராசரி 119.6 மில்லிசெக்கன் ஆகும். ஆனால் அவ்வளவு நேரம் காத்திருந்தவர் ஒருவருமிலர்! ஆதலின் விடைநேரங்களை ஏறுவரிசையில் அடுக்கி, 50ஆம், 99ஆம் இடங்களில் நிற்பனவற்றை நோக்குதல் தகும். இங்கு அவை முறையே 20, 5,000 ஆகும்.

2004இல் இந்து சமுத்திரத்துக்கெனச் சுனாமி எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. இரண்டு மணித்தியாலமும் பயனின்றிக் கழிந்தது. ஆபத்துக் காலத்தில் அனைவரும் ஒருங்கே கேட்பர். வரிசையும் அப்பொழுதே நீளும். அவ்வேளையிற் கடைசியாக விடை பெறுபவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதைக் காட்டும் அளவே மெய்யளவாகும்.